ஆட்டத்துக்கும் மழைக்கும் வழிவிடும் சுவர்கள்

1950 மே 21 அன்று பிற்பகலில் பெரு நாட்டின் குஸ்கோ நகரம் குலுங்கியது. சில நொடிகள்தான். நகரத்தின் கட்டடங்களில் பாதிக்கும் மேல் சேதமடைந்தன. சாந்தோ தொமிங்கோ தேவாலயமும் அதையொட்டிய மடமும் பிளந்து சரிந்தன. ஸ்பானியர்கள் வருவதற்கு முன் ஆண்டீஸ் மலைநாட்டை ஆண்ட இன்காக்களின் சூரியக் கோயிலான கோரிகாஞ்சாவை இடித்து, மிஞ்சிய சுவர்களின் மேலேயே அவர்கள் அந்த மடத்தைக் கட்டியிருந்தார்கள். மேலே இருந்தது விழுந்ததும், உள்ளே மறைந்து கிடந்த பழைய கல்சுவர்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அவை நின்ற இடத்தில் நின்றபடியே இருந்தன.

குஸ்கோவுக்கு நிலநடுக்கம் புதிதல்ல. 1650இலும் ஒரு பெரிய ஆட்டம் அந்த நகரத்தைப் புரட்டிப் போட்டது. தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் பசிபிக் கடலுக்கு அடியில் இருக்கும் நாஸ்கா தட்டு என்ற பெரும் பாறைத் தட்டு, கண்டத்தைத் தாங்கும் தட்டுக்குக் கீழே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்து நுழைந்துகொண்டே இருக்கிறது. ஆண்டீஸ் மலைத்தொடரை உயர்த்தியது அந்த நகர்வுதான், அதை அவ்வப்போது உலுக்குவதும் அதுதான். இப்படிப்பட்ட மண்ணில் வாழ்ந்தவர்கள், இரும்பு உளி இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், வண்டிச் சக்கரம் இல்லாமல் கட்டிய சுவர்கள் ஐந்நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. எப்படி?

இன்கா சுவரைப் பற்றிப் பேசினால் எல்லோரும் முதலில் சொல்வது, இடுக்கில் ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாது என்பது. உண்மைதான், ஆனால் அந்த நெருக்கம் எதற்கு உதவுகிறது என்பதைக் கேட்டால்தான் விஷயம் புரியும்.

சாந்து வைத்துக் கட்டிய சுவரில் எல்லாக் கற்களும் ஒட்டி ஒரே துண்டாகிவிடுகின்றன. தரை பக்கவாட்டில் ஆடும்போது அந்தத் துண்டு முழுவதும் இழுபடுகிறது. சாந்துக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும், இழுவையைத் தாங்கத் தெரியாது. எங்காவது ஒரு கீறல் விழுந்தால் அது சரசரவென்று ஓடிச் சுவரை இரண்டாக்கிவிடும். இன்கா கொத்தர்களின் உயர்ந்த வேலைகளில் கற்களுக்கு நடுவே சாந்தே கிடையாது. தரை ஆடினால் ஒவ்வொரு கல்லும் இம்மியளவு நகர்ந்து, பக்கத்துக் கல்லோடு உரசும். அந்த உரசலில் ஆட்டத்தின் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ஆட்டம் நின்றதும், கல்லின் எடையே அதை மறுபடி தன் குழியில் உட்கார வைக்கிறது. இடுக்கு நெருக்கமாக இருப்பதன் பயன் இங்கேதான்: கல்லின் அடிப்பரப்பு முழுவதும் கீழ்க்கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தால் உரசல் முழுதாகக் கிடைக்கும். இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் தொட்டால் அந்த இடத்தில் பாரம் குவிந்து கல் உடையும்.

குஸ்கோவின் ஹதுன் ருமியோக் தெருவில் பச்சை நிற டயோரைட் கல் ஒன்று இருக்கிறது. அதன் முகத்தில் பன்னிரண்டு மூலைகள். சுற்றியுள்ள கற்கள் ஒவ்வொன்றும் அதன் ஒவ்வொரு மடிப்பிலும் போய் உட்கார்ந்திருக்கின்றன. பார்க்கும் கண்ணுக்கு அது கைத்திறமையைக் காட்டுவதற்காகச் செய்ததுபோல் தோன்றும். ஆனால் பலகோணக் கற்களால் ஆன சுவரில் நீளமான நேர்க்கோடு எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நேர்க்கோடு இருந்தால் அதன் வழியாக ஒரு வரிசை முழுவதும் வழுக்கிக்கொண்டு போகலாம். இங்கே ஒவ்வொரு கல்லும் அடுத்ததைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சுவரின் உருவமும் அதே வேலையைச் செய்கிறது. சுவர்கள் அடியில் பருத்து, மேலே போகப்போக உள்பக்கம் லேசாகச் சாய்கின்றன. அதனால் எடையில் பெரும்பகுதி தரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான்கு பக்கமும் உள்நோக்கிச் சாய்வதால் ஒன்றை ஒன்று தாங்குகின்றன. வாசலும் ஜன்னலும் சுவரில் உள்ள மாடங்களும் கீழே அகலமாக, மேலே குறுகலாக இருக்கும். வாசல் மேலே குறுகினால் அதன் மேல் படுக்கும் உத்தரக் கல்லும் சிறிதாக இருந்தால் போதும். நீளமான கல்தான் நடுவில் ஒடியும், குட்டையான கல் எளிதில் ஒடியாது. மூலைகளில் இரண்டு சுவர்களையும் சேர்த்துப் பிடிக்கும்படி வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றிக் கல் வைத்தார்கள். கூரையோ மரச்சட்டமும் இச்சு என்ற மலைப்புல்லும் மட்டுமே. தலைக்கு மேல் பாரம் குறைவு.

சரி, இவ்வளவு கடினமான கல்லை இரும்பில்லாமல் எப்படிச் செதுக்கினார்கள்? இந்தக் கேள்விக்கு வேற்றுக்கிரகவாசிகள் என்றும், கல்லை உருக்கும் மூலிகைச் சாறு என்றும் பதில் சொல்லும் காணொளிகள் ஏராளம். எனக்கு அவை வருத்தம் தருகின்றன. காய்ப்பு ஏறிய கைகள் செய்த வேலையை, அந்தக் கைகளிடமிருந்தே அவை பிடுங்கிவிடுகின்றன. பதிலை ஒருவர் செய்தே பார்த்திருக்கிறார்.

ஜான்-பியேர் புரோட்ஸன் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பேராசிரியராக இருந்தவர். 1980களில் அவர் இன்கா கல்குவாரிகளில் தேடியலைந்தபோது, அந்த இடத்துப் பாறைக்குச் சம்பந்தமே இல்லாத ஆற்றுக் கூழாங்கற்கள் கிடந்தன. பலவும் குவார்ட்சைட் போன்ற உறுதியான கற்கள். ஓரங்களில் அடிபட்ட தழும்புகளோடு இருந்தன. இவைதான் சுத்தியல் என்று அவருக்குப் புரிந்தது. ஆண்டசைட் என்ற எரிமலைப் பாறையின் துண்டு ஒன்றை எடுத்து, சுமார் 4 கிலோ எடையுள்ள கூழாங்கல்லை இரண்டு கையாலும் பிடித்து அதன் மேல் விழவிட்டார். வலுக்கொண்டு அடிக்கவில்லை, கல்லின் எடையே அடித்தது. விழும் கடைசி நொடியில் மணிக்கட்டை லேசாகத் திருப்பினால், கல் சாய்வாகப் பட்டு இன்னும் அதிகமாகச் செதில் பெயர்ந்தது. ஓரங்களுக்கு வந்ததும் பெரிய கல்லை வைத்துவிட்டு, அரைக்கிலோ அளவுள்ள சின்னக் கல்லால் விளிம்போடு இழைந்து அடித்தார். இல்லாவிட்டால் விளிம்பு உடைந்துவிடும். மூன்று முகங்களையும் ஐந்து விளிம்புகளையும் முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. அவருக்கு அது பழக்கமில்லாத வேலை. வாழ்நாள் முழுவதும் அதையே செய்தவர் எவ்வளவு வேகமாகச் செய்திருப்பார்!

இன்கா சுவர்க் கற்களைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அந்த அடிகளை இன்றும் எண்ணலாம். முகத்தின் நடுவில் பெரிய குழித்தழும்புகள், விளிம்பை நெருங்க நெருங்கப் பொடிப்பொடியான தழும்புகள். எந்த இடத்தில் கொத்தர் சுத்தியலை மாற்றினார் என்பது கல்லிலேயே பதிந்திருக்கிறது.

கற்களைப் பொருத்துவதற்கும் புரோட்ஸன் ஒரு வழி கண்டார். மேலே வரப்போகும் கல்லின் அடிப்பகுதியை முதலில் முடித்துவிட வேண்டும். பிறகு அதற்கேற்ப, கீழே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கல்லின் தலையில் குழிவெட்ட வேண்டும். கல்லை வைத்துப் பார்த்து எடுத்தால், எங்கே தொட்டதோ அங்கே கல்தூள் நசுங்கிப் படிந்திருக்கும். அந்த மேட்டை மட்டும் கொத்திவிட்டு மறுபடி வைக்க வேண்டும். இப்படிப் பலமுறை. மேல்கற்கள் பெயர்ந்துபோன சுவர்களில் கீழ்க்கல்லின் தலையில் இந்தக் குழிகள் திறந்து கிடக்கின்றன. பக்கவாட்டு இணைப்புகளோ பல இடங்களில் முகப்பையொட்டிச் சில சென்டிமீட்டர் வரைதான் கச்சிதமானவை. அதற்குப் பின்னால் மண்ணும் சிறுகல்லும் நிரப்பப்பட்டிருக்கும். பாரம் இறங்கும் படுக்கையில் உழைப்பைக் கொட்டிவிட்டு, பாரம் இல்லாத இடத்தில் மிச்சப்படுத்தியிருக்கிறார்கள்.

கல்லை இழுத்து வந்தது இன்னொரு பாடு. ஒயாந்தாய்தம்போ என்ற இன்கா ஊரின் சூரியக் கோயிலுக்கான இளஞ்சிவப்புக் கற்கள், ஆற்றுக்கு அக்கரையில் மலைமேல் உள்ள காச்சிகாத்தா குவாரியிலிருந்து வந்தவை. கயிறு கட்டிச் சரிவில் இறக்கி, ஆற்றைக் கடந்து, மறுபடி சாய்தளத்தில் ஏற்றினார்கள். வழியில் நின்றுபோன கற்கள் இன்றும் அங்கேயே கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைச் சோர்ந்துபோன கற்கள் என்கிறார்கள்.

நிலநடுக்கம் எப்போதாவது வருவது. மழை ஒவ்வோர் ஆண்டும் வரும். மச்சு பிச்சுவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் பெய்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,430 மீட்டர் உயரத்தில், இரண்டு சிகரங்களுக்கு நடுவே, இருபுறமும் செங்குத்தாக இறங்கும் முகட்டில் 15ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஊர் அது. அங்கே மண் தண்ணீரைக் குடித்துப் பாரமேறினால் ஊரே சரிந்து கீழே உள்ள உருபாம்பா ஆற்றில் போய் விழும்.

அமெரிக்க நீரியல் பொறியாளர் கென்னத் ரைட்டும் அவரது குழுவும் அங்கே பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். கட்டுமானத்துக்காகச் செலவான உழைப்பில் சுமார் 60 விழுக்காடு தரைக்கு அடியில் இருக்கிறது என்பது அவர்களின் கணிப்பு. நாம் படங்களில் பார்ப்பது பாதியைவிடக் குறைவு! மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் அடுக்குவயல் ஒன்றை வெட்டிப் பார்த்தால், மேலே பயிர் விளையும் மண், அதன் கீழே மணல் கலந்த சரளை, அதற்கும் கீழே பெரிய கற்கள். பெய்த மழை வழிந்தோடி மண்ணை அரிப்பதற்குள் உள்ளே இறங்கிவிடும். இறங்கிய நீர் தேங்காமல் கற்களுக்கு நடுவே கசிந்து வெளியேறிவிடும். பயிர் விளைவதோடு, மலையை இழுத்துப் பிடிப்பதும் இந்த வயல்கள்தான். ஊர் நடுவில் உள்ள பசும்புல் திடலுக்கு அடியிலும் ஒரு கருங்கல் சில்லுப் படுகை இருக்கிறது. சுவருக்காகக் கல் கொத்தியபோது சிதறிய சில்லுகள் அவை. கழிவையே வடிகாலாக்கிவிட்டார்கள். இவை போக, சுவர்களிலும் முற்றங்களிலும் நீர் வெளியேற விட்ட துளைகள் மட்டும் சுமார் 130.

எல்லாம் பிழையே இல்லாமல் அமைந்துவிடவில்லை. முதன்மைக் கோயிலின் பின்மூலையில் சுவர் இறங்கி, கற்களுக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டிருக்கிறது. கல் வேலையில் குறையில்லை, அடியில் இருந்த நிலம் அமுங்கிவிட்டது. தரைக்கு அடியில் அவ்வளவு உழைப்பைப் போட்டவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதை அந்த ஒரு மூலை காட்டுகிறது.

குடிநீரும் இதே கவனத்தோடுதான் வந்தது. மலையிலுள்ள ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளக் கல்வாய்க்கால், மெல்லிய சரிவில், அரிக்காத வேகத்தில் நீரைக் கொண்டுவருகிறது. ஊருக்குள் 16 நீர்த்துறைகள் படிக்கட்டையொட்டி ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஒன்றில் விழுந்த நீர் அடுத்ததற்குப் போகும். முதல் துறை அரசர் மாளிகைக்குப் பக்கத்தில், ஏனென்றால் அங்கேதான் நீர் தொடப்படாமல் வருகிறது. ஒவ்வொரு துறையிலும் கல்லில் வெட்டிய கூரான மூக்கு ஒன்று உண்டு. குடத்தை நேரே கீழே பிடிக்கும்படி, நீர் சுவரோடு ஒழுகாமல் தாரையாக விலகி விழும்.

1911இல் அமெரிக்க ஆய்வுப்பயணி ஹைரம் பிங்காம் அங்கே ஏறிப் போனபோது, உள்ளூர் விவசாயக் குடும்பங்கள் அந்த அடுக்குவயல்களில் சிலவற்றைத் திருத்திப் பயிர் செய்துகொண்டிருந்தன. கிழக்குச் சரிவின் காட்டுக்குள் புதைந்து கிடந்த சில நீர்த்துறைகளை ரைட்டின் குழு பிற்பாடு கண்டெடுத்தது. மண்ணையும் வேரையும் வாரி எறிந்ததும், பழைய மூக்குகளிலிருந்து தண்ணீர் மறுபடி தாரையாக விழத் தொடங்கியது.