புது லேப்டாப்பில் எச்சரிக்கையா? முதலில் தேதியைப் பாருங்கள்

வாங்கி இரண்டு நாள்கூட ஆகாத லேப்டாப்பை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார் ஒரு தந்தை. உடன், கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகள். "எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்கிறது. வைரஸோடு விற்றுவிட்டார்கள் சார்" என்றார். திரையின் வலது ஓரத்தைப் பார்த்தேன். தேதி இரண்டு வருடம் பின்தங்கி நின்றது.

வங்கியோ, மின்வாரியமோ, பாதுகாப்பான எந்தத் தளமும், தான் போலி இல்லை என்று காட்ட, பிரவுசரிடம் ஒரு சான்றிதழை நீட்டும். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை அது செல்லும் என்பது அதிலேயே இருக்கும். 2020 செப்டம்பரில் அதன் உச்ச ஆயுளை 398 நாளாகக் குறைத்தார்கள். 2029 மார்ச்சில் அது 47 நாளாகச் சுருங்கப்போகிறது. இரண்டு வருடம் பின்னால் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாமே இன்னும் பிறக்காதவை. குரோம் பல நேரம் 'உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது' என்றே எழுதிக் காட்டும். சிவப்பு நிறத்தைக் கண்டதும் யார் அதைப் படிக்கிறார்கள்?

செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய், நேர மண்டலத்தில் சென்னை, கொல்கத்தா என்றிருக்கும் +05:30 வரியைத் தேர்ந்தெடுத்து, இணையத்தோடு நேரத்தை ஒத்திசைத்தேன். ஒரு நிமிட வேலை. அணைத்துப் போட்டதும் தேதி மறுபடி பின்னுக்குப் போனால் மதர்போர்டு சம்பந்தப்பட்ட கோளாறாக இருக்கலாம். நீங்களே கழற்றாமல் வாரண்டியில் கொடுங்கள்.

தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வருகிறதா? அடியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதில் 'அத்தாரிட்டி இன்வேலிட்' என்றிருந்தால், சான்றிதழைக் கொடுத்தது யார் என்று பிரவுசருக்குத் தெரியவில்லை. விடுதி வைஃபையில் இது சகஜம். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். எச்சரிக்கை மறைந்தால் லேப்டாப்பில் குறையில்லை. அங்கும் எல்லாத் தளங்களுக்கும் வந்தால், சான்றிதழைத் திறந்து வழங்கியவர் பெயரைப் பாருங்கள். லேப்டாப்போடு இலவசமாக வந்த ஆன்டிவைரஸின் பெயர் அங்கே இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். எதுவானாலும், காரணம் தெரியும்வரை 'அட்வான்ஸ்டு' என்பதை அழுத்தி உள்ளே நுழைந்து பாஸ்வேர்டு போடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2014 கடைசியில் லெனோவாவின் சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் ஏற்றப்பட்டே வந்தது. கணினி நம்பும் சான்றிதழ்களின் பட்டியலில் தன் சான்றிதழைத் தானே சேர்த்துக்கொண்டதால், அது பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தபோதும் பிரவுசர் வாய் திறக்கவில்லை. 2015 பிப்ரவரியில்தான் குட்டு உடைந்தது. புது லேப்டாப் வந்ததும், கேட்காமல் வந்த மென்பொருள்களை நான் முதலில் நீக்குவது அதனால்தான்.

திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, அலறல் சத்தத்தோடு 'இந்த எண்ணை அழையுங்கள்' என்று வருவது வேறு ரகம். அது மோசடி. எந்தப் பிரவுசரும் போன் நம்பர் கொடுக்காது. எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டுப் பிரவுசரை மூடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அழைத்துப் பணமும் போய்விட்டதென்றால் என்னிடம் வந்து நேரத்தை வீணாக்காமல், உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.