நொறுங்குண்ட உள்ளமா, உடைந்த இதயமா?

"உடைந்த இதயத்தைத்தான் ஆண்டவர் விரும்புகிறார்." தவக்காலம் வந்துவிட்டால் இந்த வாக்கியத்துக்குப் பஞ்சமே இருக்காது. மறையுரையில் வரும், நற்செய்திக் கூட்டத்தில் வரும், காலை வணக்கப் படத்தில் ரோஜாப்பூவுக்குக் கீழே வரும். சொல்கிறவர்கள் மேற்கோள் காட்டுவது சங்கீதம் 51:17. அந்த வசனத்திலோ உடைந்த இதயம் என்று எதுவும் இல்லை. பழைய தமிழ் வேதாகமத் திருப்புதலில், அதாவது மொழிபெயர்ப்பில், இருப்பது இது: "தேவனுக்கேற்கும் பலிகள் நொறுங்குண்ட ஆவிதான், தேவனே, நொறுங்குண்டதும் நருங்குண்டதுமான இருதயத்தை நீர் புறக்கணியீர்."

1871இல் வந்த அந்தத் திருப்புதலின் தமிழைக் கேலி செய்வது இன்று சுலபம். வடமொழி அதிகம், வாக்கியம் நீளம், 'பண்ணி' அதிகம். எல்லாம் சரி. ஆனால் இந்த ஒரு சொல்லில் அவர்கள் எடுத்துக்கொண்ட கவனத்தில் கால்வாசி கூட நமக்கு இல்லை.

மூலத்தை முதலில் பார்த்துவிடுவோம். எபிரேயத்தில் 'லேவ் நிஷ்பார் வெநித்கே'. லேவ் என்பது உள்ளம். நிஷ்பார், 'ஷாபர்' என்ற வேரில் பிறந்தது, நொறுக்கப்பட்டது. நித்கே, 'தாகா' என்ற வேர், நசுக்கி இடிக்கப்பட்டது. இரண்டுமே செயப்பாட்டு வடிவம். கிரேக்கத்திலும் லத்தீனிலும் முதற்சொல் அரைத்தல், தேய்த்தல் என்ற பொருளில் போகிறது. இரண்டாவது சொல் 'தாழ்த்தப்பட்ட' என்று ஆகிவிடுகிறது. லத்தீனின் 'கோர் கொன்திரீத்தும்' என்ற தொடரிலிருந்துதான் 'கொன்திரீசியோ' என்ற இறையியல் கலைச்சொல் வந்தது; பாவத்துக்காக மனம் வருந்துவதற்கு அந்தப் பெயர். தெரெரே என்றால் தேய், அரை. கொன்தெரெரே என்றால் முழுக்க அரைத்துப் பொடியாக்கு. இதற்குத் துணைச்சொல் 'அத்திரீசியோ', மேலோட்டமாகத் தேய்வது. கட்டி கட்டியாக உடைந்து நிற்பது ஒன்று, மாவாகப் போவது இன்னொன்று என்று இடைக்கால இறையியலாளர்கள் இரண்டையும் பிரித்தார்கள். தண்டனைக்குப் பயந்து வருந்துவது முன்னது. கடவுளை நேசித்து, அவரைப் புண்படுத்தினோமே என்று வருந்துவது பின்னது.

ஆக, கேள்வி உடைவதா இல்லையா என்பதல்ல, எந்த அளவுக்கு என்பது. தமிழில் இந்த அளவைச் சொல்லத் தனித்தனி வினைகளே உண்டு. தேங்காய் உடைகிறது, கிளை முறிகிறது, சுவர் இடிகிறது, அப்பளம் நொறுங்குகிறது. உடைந்தது இரண்டு துண்டாகவும் இருக்கலாம், ஒட்டவைக்கவும் செய்யலாம். நொறுங்கியதை ஒட்டவைக்க முடியாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும். அதே சங்கீதத்தின் 10ஆம் வசனம் "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்று கேட்பது அதனால்தான். அங்கே வரும் 'பாரா' என்ற வினை ஆதியாகமம் முதல் வசனத்தில் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்த வினை. பழுது பார்க்கச் சொல்லி வேண்டவில்லை, இந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீது. படைக்கச் சொல்லி வேண்டுகிறார். மனித இயல்பைப் பற்றி வேதாகமம் சொல்லும் கடுமையான சேதி இந்த இரண்டு வினைகளுக்கு நடுவே இருக்கிறது: கோளாறு மேலோட்டமானது அல்ல, அடிவரை உண்டு. "எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது" என்று எரேமியா 17:9. திருக்கு என்றால் முறுக்கு, கோணல். முறுக்கேறியதை உடைத்தால் முறுக்கேறிய இரண்டு துண்டுதான் கிடைக்கும்.

அடுத்தது '-உண்ட'. கட்டுண்ட, தள்ளுண்ட, கொலையுண்ட, அறுப்புண்ட என்ற வரிசையில் வருவது. தமிழில் செயப்பாட்டைக் காட்டும் பழைய துணைவினை இது. தானாக நொறுங்கியதற்கும் ஒருவரால் நொறுங்குண்டதற்கும் வேறுபாடு உண்டு. யாரால்? 8ஆம் வசனமே பதில் சொல்கிறது: "நீர் நொறுக்கின எலும்புகள் களிகூரும்." அங்கே இருப்பதும் தாகா வேர், 17இல் நருங்குண்டது என்று வருவதும் அதே வேர். எலும்பை நொறுக்கியவர் யாரோ அவரிடமே நொறுங்கிய உள்ளத்தைக் கொண்டுபோய் வைக்கிறார் பாடியவர். 'உடைந்த இதயம்' என்று சொன்ன மாத்திரத்தில் இந்தக் கர்த்தா காணாமல் போய்விடுகிறார். இதயம் சும்மா உடைந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், இது யாரும் கவனிப்பதில்லை. லேவியராகமம் 22:22இல் பலிக்கு ஆகாத விலங்குகளின் பட்டியல் இருக்கிறது. குருடு ஆகாது, எலும்பு முறிந்தது ஆகாது, சொறி பிடித்தது ஆகாது. 'எலும்பு முறிந்தது' என்பதற்கு எபிரேயத்தில் உள்ள சொல் 'ஷாபூர்', நம்முடைய ஷாபர் வேரே. ஆட்டுக்கு எது தகுதிக்கேடோ அதுவே உள்ளத்துக்குத் தகுதி என்று சங்கீதக்காரர் தலைகீழாகத் திருப்புகிறார். பலிகள் என்ற சொல்லோடு இந்தச் சொல்லைச் சேர்த்தபோது கோயில் முற்றத்தில் நின்றவர்களுக்குத் திடுக்கென்றிருக்கும். 'உடைந்த இதயம்' யாரையும் திடுக்கிடவைக்காது. சினிமாப் பாட்டில் தினமும் உடைகிறது அது.

உடைந்த இதயத்தால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். நிறையவே கெடுகிறது. இன்றைய தமிழில் 'மனமுடைந்து' என்ற சொல் எங்கே வருகிறது? தேர்வில் தோற்றவர், கடனில் மாட்டியவர், காதலில் கைவிடப்பட்டவர் பற்றிய செய்தியில் வருகிறது. அதை அடுத்து என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லை அப்படியே எடுத்துப் பலிபீடத்தில் வைத்து, இதைத்தான் கடவுள் விரும்புகிறார் என்றால், மனச்சோர்வில் இருக்கும் ஒருவருக்குக் காதில் எப்படி விழும்? உன் விரக்தியே காணிக்கை, அதிலேயே கிட என்று விழும். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. விரக்திக்கு எபிரேயத்தில் வேறு சொல்லே உண்டு: 'ரூவாக் நெகேயா'. நீதிமொழிகள் 15:13, 17:22, 18:14 மூன்றிலும் அதுதான். பழைய திருப்புதல் மூன்றிலும் 'முறி' என்ற வினையையே பிடித்துக்கொண்டது. "முறிந்த ஆவியோ எலும்புகளை உலரப்பண்ணும்." "முறிந்த ஆவி யாரால் தாங்கக்கூடும்?" முறிந்த ஆவியைப் பலியென்று எங்கேயும் யாரும் புகழவில்லை. அது நோய், அதற்கு மருந்து தேவை. நொறுங்குண்டதையும் முறிந்ததையும் கலக்காமல் 1871இல் பிரித்துவைத்தார்கள். இன்று இரண்டையும் ஒரே 'உடைந்த' என்ற கோணிப்பையில் போட்டுக் கட்டுகிறோம்.

பவுல் இந்த எல்லையை 2 கொரிந்தியர் 7:10இல் போடுகிறார். தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலுக்கு, லௌகிக துக்கம் மரணத்துக்கு. ஒரே இரவிலும் அதன் விடியலிலும் இரண்டையும் பார்க்கலாம். இயேசுவை மறுதலித்த பேதுரு மனங்கசந்து அழுதான், காட்டிக்கொடுத்த யூதாஸ் வெள்ளிக்காசை எறிந்துவிட்டுப் போய் நான்றுகொண்டான். யூதாஸை மனமுடைந்தவன் என்று சொன்னால் தமிழ் இடறாது. நொறுங்குண்டவன் என்று சொல்ல நாக்கு வராது.

பழைய திருப்புதல் எல்லா இடத்திலும் ஒழுங்காக இருந்தது என்று சொல்லவரவில்லை. சங்கீதம் 69:20இல் ஷாபர் வேரை "நிந்தை என் இருதயத்தைப் பிளந்தது" என்று போட்டார்கள். நன்றாகவே இருக்கிறது, ஆனால் தொடர்பு அறுந்தது. ஏசாயா 61:1இல் "இருதயம் நொறுங்குண்டவர்களுக்கு" என்று எழுதியவர்கள், அதை இயேசு வாசிக்கும் லூக்கா 4:18இல் "இருதயம் நருங்குண்டவர்களை" என்று மாற்றிவிட்டார்கள். (அந்த வரி பழமையான கிரேக்கப் படிகளில் இல்லை என்பதால் புதிய மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் வராது, தேடிக் களைத்துப்போக வேண்டாம்.)

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஏசாயா 61லும் சங்கீதம் 147:3லும் நொறுங்குண்டவர்கள் பாவிகளாக அல்ல, துன்பப்பட்டவர்களாக வருகிறார்கள். அவர்களுக்குக் காயம் கட்டப்படுகிறது. சங்கீதம் 51இல் அதே சொல் பாவத்தை உணர்ந்தவருக்கு. எபிரேயம் துன்பத்தால் நொறுங்கியதையும் குற்றத்தால் நொறுங்கியதையும் ஒரே வேரில் வைத்திருக்கிறது. அந்த இரட்டைப் பொருளைத் தாங்குகிற சொல்தான் வேண்டும்.

1995ஆம் ஆண்டில் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் சறுக்குவது இங்கேதான். "நொறுங்கிய நெஞ்சமே" என்று தொடங்கியவர்கள், அடுத்த அடியில் "நொறுங்கிய, குற்றமுணர்ந்த உள்ளத்தை" என்று எழுதினார்கள். நெஞ்சம் மிக நல்ல தேர்வு, அதற்குப் பிறகு வருகிறேன். குற்றமுணர்ந்த என்பது மொழிபெயர்ப்பே அல்ல, விளக்கவுரை. இடிக்கப்பட்டது என்ற உடல்சார்ந்த சொல்லை எடுத்துவிட்டு, அறிவு சார்ந்த ஒன்றை வைத்துவிட்டார்கள். குற்றத்தை உணர்ந்தால் போதுமா? தாவீதுக்கு முன் அரசராக இருந்த சவுல் உணர்ந்தாரே. 1 சாமுவேல் 15:30: "நான் பாவஞ்செய்தேன்." அதே மூச்சில், மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறார். தன் பாவத்தைச் சுட்டிக்காட்டிய தீர்க்கதரிசி நாத்தானிடம் தாவீது சொன்னதும் ஏறக்குறைய அதே வார்த்தைதான்; ஆனால் அதற்குப் பின்னால் மரியாதை கேட்கும் வால் இல்லை. இருவருமே குற்றமுணர்ந்தவர்கள். நொறுங்குண்டவர் ஒருவர்தான்.

இதைவிடப் பெரிய இழப்பு ஏசாயா 53இல். "நம்முடைய அக்கிரமங்களினிமித்தம் அவர் நொறுக்கப்பட்டார்", "கர்த்தரோ அவரை நொறுக்கச் சித்தமாகி". இரண்டும் தாகா வேர்தான். அந்த அதிகாரத்தின் துன்புறும் ஊழியன் (கிறிஸ்தவ மரபு கிறிஸ்துவாகக் காண்பவர்) நொறுக்கப்படுவதும் பாவியின் உள்ளம் நருங்குண்டு கிடப்பதும் எபிரேயத்தில் ஒரே அடி. கிறிஸ்துவின் பாடுகளோடு பாவியின் மனவேதனையைச் சேர்த்துத் தியானிக்கும் மரபு முழுக்க இந்த ஒலி ஒற்றுமையில் தொற்றிக்கொள்ளலாம். குற்றமுணர்ந்த என்று போட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்கிறது. குற்றமில்லாத அந்த ஊழியன் எந்தக் குற்றத்தை உணர்வான்?

கத்தோலிக்க வழக்கின் பழைய சொல்லையும் பார்க்க வேண்டும். 'உத்தம மனஸ்தாப மந்திரம்' என்று நம் பாட்டிமார் சொன்ன செபம். தாபம் என்றால் வெப்பம், வேதனை. மனஸ்தாபம் மனம் வேகுதல். நல்ல சொல்தான், ஆனால் காலம் அதைத் தின்றுவிட்டது. இன்று மனஸ்தாபம் என்றால் சம்பந்திகளுக்குள் நடப்பது. இளைஞர் ஒருவரிடம் 'உத்தம மனஸ்தாபம்' என்றால் நேர்மையான சண்டை என்று நினைத்துக்கொள்வார். அதனால் 'மனத்துயர்' என்று மாற்றினார்கள். மாற்ற வேண்டியதுதான். ஆனால் மாற்றிக்கொண்ட சொல் மெலிந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1551இல் கொன்திரீசியோவுக்கு வகுத்த இலக்கணத்தில் மூன்று பாகம் உண்டு: மனத்தின் வேதனை, செய்த பாவத்தின்மேல் அருவருப்பு, இனிச் செய்யேன் என்ற தீர்மானம். மனத்துயர் இதில் முதலாவதை மட்டும் சொல்கிறது. மாடு செத்தாலும் மனத்துயர்தான்.

இனி இருதயம். இதயம் என்று சுருக்கியதும் அது மருத்துவமனைக்கும் காதலுக்கும் சொந்தமாகிவிட்டது. எபிரேயரின் லேவ் உணர்ச்சியின் இருப்பிடம் மட்டும் அல்ல. அவர்கள் உருக்கத்தைக் குடலிலும், அந்தரங்கத்தைச் சிறுநீரகத்திலும் வைத்தார்கள். பழைய திருப்புதலின் 'உள்ளிந்திரியங்கள்' அதுதான். லேவ் நினைக்கும், தீர்மானிக்கும், திட்டம் போடும். 'லேவ் இல்லாதவன்' என்ற எபிரேயத் தொடரை நீதிமொழிகள் 6:32இல் "மதிகெட்டவன்" என்று சரியாகவே பெயர்த்தார்கள். இன்றைய தமிழில் இதயமில்லாதவன் என்றால் இரக்கமற்றவன். பொருள் எவ்வளவு தூரம் விலகிவிட்டது பாருங்கள்.

தமிழில் லேவுக்கு நேராக நிற்பது நெஞ்சு அல்லது உள்ளம். "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்ற குறளில் அறிவதும் நெஞ்சு, சுடுவதும் நெஞ்சு. சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்த தாவீதை 1 சாமுவேல் 24:5இல் அவன் லேவ் அடித்தது என்று எபிரேயம் சொல்வதும் இந்த வேலையைத்தான். எனவே 1995இன் நெஞ்சம் வெல்கிறது. தனித்தமிழ் என்பதற்காக அல்ல, பொருள் பொருந்துவதற்காக.

ஆகவே திருப்புகிறவர்களும் பிரசங்கிப்பவர்களும் இப்படிச் செய்தால் போதும். சங்கீதம் 51:17க்கு 'நொறுங்குண்ட நெஞ்சம்'; இரண்டாவது அடைமொழிக்கு 'நருங்குண்ட' புரியாது என்றால் 'இடியுண்ட' போடலாம், குற்றமுணர்ந்த வேண்டாம். நீதிமொழிகளில் 'முறிந்த' அப்படியே இருக்கட்டும். கொன்திரீசியோவுக்குப் பெயர்ச்சொல் வேண்டுமென்றால் 'நெஞ்சம் நொறுங்குதல்' என்று விரித்தே எழுதலாம். எல்லாவற்றையும் ஒற்றைச் சொல்லாக ஒட்டி 'உளநொறுக்கம்' என்று செய்தால் அது நொறுக்குத்தீனிக் கடைப் பலகைபோல் ஆகிவிடும். பாட்டெழுதுகிறவர்கள் 'நொறுங்குண்ட' மெட்டில் உட்காரவில்லை என்று 'உடைந்த'வுக்குத் தாவுகிறார்கள். 'நொறுங்கிய' என்றால் உட்காரும். கர்த்தா போனாலும் அளவாவது மிஞ்சும்.