திருக்கைக் குடலைக் காக்கைக்கு எறியும் முன்

போன மாதம் அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் ஓர் அம்மா வஞ்சிரத் துண்டுகளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வயிற்றுச் சவ்வில் அரிசி அரிசியாக வெள்ளை. "புழு மீனையா என் தலையில் கட்டினாய்?" என்று மீன்காரம்மாவிடம் ஒரே சண்டை.

அது நாடாப்புழுவின் இளம்பருவம். தலையில் கொக்கி பதித்த நான்கு கொம்புகள் இருக்கும். வஞ்சிரம் அதற்கு வழிச்சத்திரம்தான். அந்த மீனைச் சுறா விழுங்கினால் சுறாவின் குடலில் முதிர்ந்து முட்டையிடும். மனிதக் குடலில் இந்த வகை குடியேறுவதில்லை. கொதித்த குழம்பில் செத்தும் போகும். பச்சையாகத் தின்றால் தொல்லை தரும் கடல்மீன் புழுக்கள் வேறு உண்டு. அனிசாக்கிஸ் என்னும் உருளைப்புழு அதில் பேர்போனது.

என் பிழைப்பு திருக்கைக் குடலில் வாழும் நாடாப்புழுக்களை ஆராய்வது. குடலின் உள்ளே சுருள் படிக்கட்டுபோல் மடிப்புகள், அவற்றில் ஒட்டிய புழுக்கள். சில விரல்நீளம், சில கண்ணுக்கே தட்டுப்படாது. மீன் செத்ததும் புழுவும் அழுகத் தொடங்கிவிடும். உடலின் கண்டங்கள் துண்டு துண்டாகக் கழன்று, தலை சுருங்கி, பார்க்கிறவரை ஏமாற்றும்.

நானே ஏமாந்திருக்கிறேன். மாணவப் பருவத்தில் ஒரே ஒரு புழுவை வைத்து 'புதிய இனம்' என்று பத்துப் பக்கம் எழுதினேன். காலையில் பிடித்த மீனை மாலையில் அறுத்திருந்தேன். நான் கண்ட புதுமையெல்லாம் அழுகலின் கைவண்ணம். நல்லவேளை, அந்தத் தாள் மேசை இழுப்பறையைத் தாண்டவில்லை. ஆனால் நம் கடற்கரையிலிருந்து வெளிவந்த புது இனப் பெயர்களில் இப்படிப்பட்டவை கொஞ்சமல்ல. படம் இருக்கும், புழு எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது.

புது இனம் என்று சொல்ல, சாயமேற்றிய பல புழுக்களில் விந்தகங்களை எண்ணி, கருப்பையை அளந்து, உறவினங்களோடு ஒப்பிட வேண்டும். உடலமைப்புக்கு ஃபார்மலின், மரபணுவுக்குத் தூய ஆல்கஹால், ஏனெனில் ஃபார்மலின் மரபணுவைக் கெடுத்துவிடும். பெயருக்கு ஆதாரமான மூலமாதிரியை, 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்ற இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் மீன் எது என்று தெரிய வேண்டும். முதிர்ந்த பருவத்தில் பல புழுக்கள் ஓரிரு மீனினங்களைத் தவிர வேறெதிலும் வாழா. 'புள்ளித் திருக்கை' என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதோ பல இனங்கள். அதனால் என்னிடம் குடல் கொண்டுவரும் மாணவர்களே, மீனின் முதுகையும் அடிப்புறத்தையும் படமெடுத்து, ஆல்கஹாலில் ஒரு துண்டுச் சதையும் போட்டுக் கொண்டுவாருங்கள். வெறும் குடலோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.