ஒரு நூல், ஒரு நட்டு, 9.78

பிளஸ் ஒன் இயற்பியல் செய்முறையில் தனி ஊசல் (நூலில் குண்டைக் கட்டி ஆடவிடும் சோதனை) செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். புவியீர்ப்பு முடுக்கம், அதாவது விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் கூடும் அளவு, 9.8-க்குப் (மீட்டர்/விநாடி²) பக்கத்தில் வரவில்லை என்றால், ரெக்கார்டு நோட்டில் ஏறுவதற்குள் அளவீடுகள் மெல்ல மாறிவிடும். நானும் மாற்றியிருக்கிறேன். எத்தனை விநாடி என்று எழுதினால் 9.8 வரும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு, அந்த விநாடியை எழுதினேன். முதலில் வந்த எண்ணை அழிக்காமல் வைத்திருந்தால், என் தப்பு எங்கே என்று அதுவே காட்டிக்கொடுத்திருக்கும். எப்படி என்று சொல்கிறேன்.

இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கனமான இரும்பு நட்டு இரண்டு, ஒன்றேகால் மீட்டர் தையல் நூல், ஸ்டீல் டேப் (துணி டேப் இழுத்தால் நீளும்), செல்போன் ஸ்டாப்வாட்ச். நூலை ஆணியில் கட்டினால், ஆடும்போது ஆணியில் சுற்றிச் சுற்றி நீளம் மாறிக்கொண்டே இருக்கும். பள்ளி ஆய்வகத்தில் பிளந்த தக்கைக்கு நடுவே நூலைக் கவ்வ வைப்பது அதனால்தான். வீட்டில் இரண்டு மரஸ்கேல்களுக்கு நடுவே நூலை வைத்து, அலமாரியின் மேல்தட்டில் கனமான புத்தகத்தால் அழுத்திவிடலாம்.

இப்போது கேள்வி: ஊசல் ஒருமுறை போய்த் திரும்பும் நேரத்தை (அலைவு நேரம்) எது முடிவு செய்கிறது? எடையா, நீளமா, இழுத்துவிடும் தூரமா? எதையும் அளப்பதற்கு முன் உங்கள் ஊகத்தை எழுதி வையுங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேட்க எளிதாக இருக்கும் இந்த விதியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எடையைக் கூட்ட இரண்டாவது நட்டை முதல் நட்டுக்குக் கீழே தொங்கவிட்டால் அலைவு நேரம் கூடும். உடனே “எடை கூடினால் நேரம் கூடுகிறது” என்று எழுதிவிடுவோம். உண்மையில் கீழே இறங்கியது இரண்டு நட்டுகளின் பொதுவான மையம், கூடியது நீளம். அதே இரண்டு நட்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக் கட்டிப் பாருங்கள், நேரம் மாறாது.

இழுத்துவிடும் தூரம் எப்படி இருந்தாலும் நேரம் மாறாது என்று கலிலியோ நம்பினார். சின்னக் கோணங்களுக்கு அது ஏறக்குறைய சரி. 10 டிகிரி இழுத்துவிட்டால் நேரம் 0.2 சதவீதம்தான் கூடும். 60 டிகிரியில் அது 7 சதவீதம் ஆகிவிடும்.

அடுத்து நேரம் அளப்பது. நம் கை ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதில் 0.2 விநாடி அளவுக்கு முன்பின் ஆவது சாதாரணம். ஒரு மீட்டர் ஊசல் ஒருமுறை ஆட சுமார் 2 விநாடி. ஒரே அலைவை அளந்தால் பிழை 10 சதவீதம். 20 அலைவை அளந்தால் அதே 0.2 விநாடி, 40 விநாடியில் அரை சதவீதமாகச் சுருங்கிவிடும். கருவி அதேதான், கையும் அதேதான். எண்ணத் தொடங்கும் இடமும் முக்கியம். ஓரத்தில் நட்டு தயங்கி நிற்கும், எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண்ணுக்குத் தெரியாது. நடுவில்தான் அதிவேகமாகக் கடக்கும். பின்சுவரில் ஒரு கோடு போட்டு, நட்டு அதைக் கடக்கும்போது அழுத்துங்கள்.

அழுத்தும்போது வாயில் வரவேண்டியது “சுழி”. “ஒன்று” என்று தொடங்கினால், “இருபது” சொல்லும்போது 19 அலைவுதான் முடிந்திருக்கும். அதை 20-ஆல் வகுத்தால் அலைவு நேரம் 5 சதவீதம் குறையும். வாய்பாட்டில் (முடுக்கம் = 4π² × நீளம் ÷ நேரத்தின் இருமடி) நேரம் இருமடியாக வருவதால் புவியீர்ப்பு முடுக்கம் 10.8 என்று வந்து நிற்கும். நான் அழித்த எண்ணும் பத்தரைக்கு மேல்தான் இருந்தது.

நீளத்தில் வரும் பிழை வேறு மாதிரி. நூலின் நீளத்தை மட்டும் அளந்து, நட்டின் மையம் வரை உள்ள ஒரு சென்டிமீட்டரை விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். ஐந்தாறு நீளங்களில் அளந்து, அலைவு நேரத்தின் இருமடியை நீளத்துக்கு எதிராக வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு வரும். ஆனால் அது ஆதிப்புள்ளி வழியே போகாமல், நீள அச்சை -1 சென்டிமீட்டரில் வெட்டும். விட்டுப்போன அளவைக் கோடே சொல்லிவிடுகிறது! கோட்டின் சாய்வு மட்டும் கெடாது; அதிலிருந்து முடுக்கத்தைச் சரியாகவே எடுக்கலாம். ஒரே நீளத்தில் ஆறு முறை அளந்தவருக்கு இது கிடைக்காது.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்தால் 9.8 வருமா? சென்னையில் உண்மையான மதிப்பு 9.78-க்குச் சற்று மேல். பாரிஸில் 9.81. இந்தச் சின்ன வித்தியாசத்தை முதலில் பிடித்தவர் ழான் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலாளர். 1672-இல் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயேனுக்கு, முக்கியமாகச் செவ்வாயைப் பார்த்து அளப்பதற்காகப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே, ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதால், நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலை ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் குறைக்க வேண்டியிருந்தது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று அவர் ஒதுக்கவில்லை. மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்தார்.

வெயிலில் உலோகம் நீண்டிருக்கலாமே என்ற சந்தேகம் நியாயமானது. ஒரு மீட்டர் இரும்பு 2.8 மில்லிமீட்டர் நீள வேண்டுமென்றால் 200 டிகிரிக்கும் மேல் சூடேற வேண்டும். நியூட்டனும் இந்தச் சந்தேகத்தை எடுத்துப் பார்த்து, வெப்பம் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று முடிவு செய்தார். பூமி சுழல்வதால் நடுவில் புடைத்து, துருவங்களில் தட்டையாக இருக்கிறது என்ற தன் வாதத்துக்கு ரிஷேரின் அளவை 1687-இல் சான்றாக வைத்தார். 1821-இல் மெட்ராஸ் வான் ஆய்வகத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் இதே வகை ஊசல் அளவீட்டைச் சென்னையில் செய்தார்.

நம் நட்டு ஊசலால் இந்த வித்தியாசத்தைப் பார்க்க முடியுமா? 20 அலைவில் நேரப் பிழை அரை சதவீதம், அதனால் விடையில் 1 சதவீதம். 9.7 முதல் 9.9 வரை எதுவும் வரலாம். அங்கே 9.78 என்று எழுதினாலும் 9.81 என்று எழுதினாலும் கடைசி இலக்கம் வெறும் அலங்காரம். 200 அலைவு எண்ணினால் விடையில் பிழை 0.1 சதவீதம், நீளத்தை ஒரு மில்லிமீட்டருக்குள் அளந்தால் அதிலும் 0.1. இரண்டும் சேர்ந்தாலும் கூடக்குறைய 0.02. சென்னைக்கும் பாரிஸுக்கும் இடைவெளி 0.03. மயிரிழையில்தான், ஆனால் மிகச் சின்னக் கோணத்தில் ஆடவிட்டால் முடியும். 200 அலைவுக்கு ஆறு நிமிடம் நாற்பது விநாடி ஆகும். மின்விசிறியை அணைத்துவிட்டு, சுழியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.