ஒரு டோஸுக்கு 20 சென்ட்: ஏழை நாட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி வந்து சேரும் வழி

ஏழை நாட்டுக் குழந்தைக்குப் போடும் தடுப்பூசிக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? 2000-ஆம் ஆண்டிலிருந்து பெரும்பங்கு காவி (Gavi) என்ற சர்வதேசத் தடுப்பூசிக் கூட்டணியிலிருந்து வருகிறது. பணக்கார நாடுகளும் கேட்ஸ் அறக்கட்டளையும் தரும் நிதியைக் கொண்டு, யுனிசெஃப் மூலமாக மொத்தமாக மருந்து வாங்கி அனுப்புகிறார்கள். பல நாடுகளுக்கும் சேர்த்து வாங்குவதால் விலை இறங்குகிறது.

இந்த உதவி எல்லா நாட்டுக்கும் கிடையாது. உலக வங்கிக் கணக்கில் மூன்று ஆண்டுச் சராசரித் தனிநபர் வருமானம் சுமார் 1,800 டாலருக்குள் இருக்க வேண்டும். தகுதி பெற்ற நாடும் தன் பங்கைக் கட்டியாக வேண்டும். மிக ஏழ்மையான நாடுகளுக்கு வெகுகாலமாக இருந்துவரும் கணக்கு, டோஸுக்கு 20 அமெரிக்க சென்ட். வருமானம் ஏற ஏறப் பங்கும் ஏறும். வரம்பைத் தாண்டிய நாடு முழுச் செலவையும் தானே ஏற்க முன்பு 5 ஆண்டு அவகாசம் இருந்தது. அதை 8 ஆக நீட்டினார்கள். சரியான முடிவு. வருமானக் கணக்கு உயர்ந்த மறுநாளே சுகாதாரத் துறைக்குப் பணம் கொட்டிவிடுவதில்லை.

குழந்தைக்குக் கிடைப்பதில் முக்கியமானது பென்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் ஒரே ஊசி. பெரும்பாலான ஏழை நாடுகளில் 6, 10, 14-ஆம் வாரங்களில் போடுகிறார்கள். தட்டம்மைக்கு 9-ஆம் மாதம். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இப்போது மலேரியா தடுப்பூசியும் சேர்ந்திருக்கிறது. அதை வழக்கமான அட்டவணையில் கேமரூன் 2024 ஜனவரியில் தொடங்கியது.

இவ்வளவு இருந்தும் 2024-இல் உலகில் 1 கோடியே 43 லட்சம் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் தடுப்பூசியின் முதல் தவணைகூடப் போய்ச் சேரவில்லை. இன்னும் 57 லட்சம் பேர் ஓரிரு தவணையோடு நின்றுபோனார்கள். பணம் தலைநகரின் குளிர்பதனக் கிடங்கு வரை மருந்தைக் கொண்டுவந்துவிடும். அதற்கு மேல் ஒரு சுகாதாரப் பணியாளர் தோளில் பெட்டியை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் 2 முதல் 8 டிகிரி இருக்க வேண்டும். குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் வெளிறிய சதுரம். வெப்பம் பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும்; வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைப் போடக் கூடாது. ஆனால் குளிரால் கெட்டதை இந்தச் சதுரம் காட்டாது. பென்டாவேலன்ட் உறைந்தால் வீரியம் போய்விடும். அதனால்தான் ஐஸ் கட்டிகளை உடனே பெட்டியில் வைக்காமல், குலுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும்வரை வெளியே வைக்கிறார்கள். அவசரத்தில் இதைத் தவறவிட்டால், ஊசி போட்டும் பயனில்லை.

தட்டம்மைக் குப்பியில் பெரும்பாலும் 10 டோஸ். தூளாக வரும் மருந்தைக் கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மீதியைக் கொட்ட வேண்டும். ஒரே குழந்தை வந்திருந்தால் திறக்கத் தயங்கி, "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று அனுப்பிவிடுவது நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் தெளிவானது: ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கலாம். கொட்டப்படும் ஒன்பது டோஸை விட, இரண்டு மணி நேரம் நடந்து வந்து வெறுங்கையோடு திரும்பும் தாய்தான் பெரிய இழப்பு. அவர் திரும்ப வருவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

பணியாளருக்குச் சம்பளம் கொடுப்பதும் இதில் சேர்ந்ததே. எத்தியோப்பியா 2003-இல் தொடங்கிய திட்டத்தில் உள்ளூர்ப் பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி தந்து, அரசு ஊதியத்தில் வேலைக்கு அமர்த்தியது. சுமார் 5,000 பேருக்கு இருவர். பல நாடுகளில் இதே வேலையை இன்னும் தொண்டு என்று சொல்லியே வாங்குகிறார்கள். வேலைக்கேற்ற ஊதியம் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. அதை ஒத்திப்போடுவது அநியாயம்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. தவணை தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போடலாம். லேசான சளி, காய்ச்சல் இருந்தாலும் ஊசி போடலாம். அட்டை தொலைந்திருந்தால் முகாமின் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். அதிலும் இல்லையென்றால் போடாததாகவே எடுத்துக்கொண்டு போடுவார்கள். வழக்கமான தடுப்பூசிகளில் ஒரு டோஸ் கூடிப்போவதால் பொதுவாகக் கெடுதல் இல்லை.