ஜஸ்டிஃபை செய்த பத்தியில் ஓட்டை விழுவது ஏன்?

கொடை விழா நோட்டீஸோ, பங்கு மடலோ, கன்னியாகுமரி லாட்ஜ் விவரமோ, வேர்டில் அடித்ததை அப்படியே இணையப் பக்கத்தில் ஒட்டுகிறோம். தாளில் ஜஸ்டிஃபை செய்து, அதாவது இரு ஓரமும் நேராக வரும்படி சொல் இடைவெளியை இழுத்து, ஒழுங்காக இருந்த பத்தி, போனில் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. பழி எழுத்துருவின் மேல் விழும். பல நேரம் உண்மைக் காரணம், யூனிகோடில் 160-ஆம் எண்ணான நான்-பிரேக்கிங் ஸ்பேஸ்.

இதன் வேலை அந்த இடத்தில் வரி உடையாமல் பார்ப்பது. அகலத்துக்கு இது பொறுப்பில்லை. ஜஸ்டிஃபை செய்யும்போது சாதாரண ஸ்பேஸைப் போலவே இதையும் பிரவுசர் இழுக்கும். இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸின் விதியே அதுதான். ஆனால் சாதாரண ஸ்பேஸ் நான்கு தட்டினாலும் ஒன்றாகச் சுருங்கும், வரிமுனையில் மறையும். இது சுருங்காது, மறையாது. ஒரு வரியில் 60 பிக்சல் மிச்சம், சொற்களுக்கிடையே மூன்று இடம், அதில் ஓரிடத்தில் இரட்டை 160 என்று வையுங்கள். மொத்தம் நான்கு ஸ்பேஸ், தலைக்கு 15. இரட்டை இருக்கும் இடம் மட்டும் 30 வாங்கிக்கொள்ளும். போனில் தமிழ் வரிக்கு மூன்று நான்கு சொல்தான் பிடிக்கும் என்பதால் இது உடனே கண்ணை உறுத்தும். பத்தியின் கடைசி வரியைப் பார்த்துச் சோதிக்காதீர்கள். அதைப் பிரவுசர் இழுப்பதே இல்லை.

பத்தி முழுக்க 160 ஆகிவிட்டால் வரி உடைய இடமே இருக்காது. எழுத்து திரைக்கு வெளியே ஓடும், அல்லது 'நாகர்கோ' ஒரு வரியிலும் 'வில்' அடுத்த வரியிலும் விழும்.

இணைய எடிட்டரில் ஸ்பேஸை இருமுறை தட்டினாலே ஒன்று 160 ஆகிவிடும். வேர்டில் ¶ பொத்தானை அழுத்துங்கள்: சாதாரண ஸ்பேஸ் புள்ளியாகவும், இது ° போன்ற சிறு வட்டமாகவும் தெரியும். ரீப்ளேஸில் இந்த வட்டங்களை எல்லாம் சாதாரண ஸ்பேஸாக மாற்றிவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் திரும்பப் போடுங்கள். விண்டோஸில் ஆல்ட்டை அழுத்தியபடி எண்பலகையில் 0160; இணையப் பக்கத்தின் மூலக்குறியான ஹெச்டிஎம்எல்லில்  .

தேவையான இடம் என்றால், வள்ளுவர் சிலைக்கு '133 அடி' என்று எழுதும்போது 133 ஒரு வரியிலும் அடி அடுத்த வரியிலும் போகக் கூடாது. 'ரூ. 250', பெயரின் இனிஷியல் ஆகியவையும் அப்படித்தான். நீளமான இரண்டு சொற்களை இதால் கட்டாதீர்கள்; ஜோடி மொத்தமாகக் கீழே இறங்க, மேல் வரி பல் இளிக்கும்.

ஒட்டியும் இருக்க வேண்டும், இழுபடவும் கூடாது என்றால் அந்த ஜோடியை ஒரு ஸ்பானில் (ஹெச்டிஎம்எல்லில் சில சொற்களைச் சுற்றிப் போடும் குறி) போட்டு, சிஎஸ்எஸ்ஸில் இன்லைன்-பிளாக், அதாவது ஒரே கட்டி, ஆக்கலாம். நான்-பிரேக்கிங் ஸ்பேஸில்   என்ற குறுகிய வகையும் உண்டு; எழுத்துருவில் அது இல்லையென்றால் வேறு எழுத்துருவிலிருந்து வரும், அகலம் மாறலாம். இவ்வளவு செய்தாலும் போன் அகலத்தில் தமிழுக்கு ஜஸ்டிஃபை ஒத்துவராது. அங்கே இடப்பக்கம் மட்டும் நேராக விடுங்கள். அகலமான திரைக்கு மீடியா குவரியில் (திரை அகலத்துக்கு ஏற்ப தோற்றத்தை மாற்றும் சிஎஸ்எஸ் பகுதி) ஜஸ்டிஃபை கொடுத்தால் போதும்.