கூரையில் கரண்டு, கட்டுத்தரையில் அடுப்பு

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் வெயிலுக்கும் பஞ்சமில்லை, சாணிக்கும் பஞ்சமில்லை. பாலக்காட்டின் மற்ற ஊர்கள் நனையும்போதும் இந்த எல்லை ஊர்கள் மழை மறைவில் காய்ந்து கிடக்கும். வெயில், சாணி இரண்டுக்கும் மத்திய அரசில் மானியத் திட்டம் உண்டு. ஆனால் திட்டமும் வேறு, விண்ணப்பமும் வேறு.

முதலில் கூரை. வீட்டுக் கூரையில் சோலார் பேனல் போட 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். கூரையோடு சொந்த வீடும் மின் இணைப்பும் வேண்டும். முன்பே சோலார் மானியம் வாங்கியிருக்கக் கூடாது.

எத்தனை கிலோவாட் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மாதம் 150 யூனிட் வரை என்றால் 1 முதல் 2 கிலோவாட், 300 வரை என்றால் 2 முதல் 3 போதும் என்பது அரசு சொல்லும் கணக்கு. கேரள மின்வாரியமான கேஎஸ்இபியின் பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. அதில் உள்ள யூனிட்டைப் பாதியாக்காமல் விற்பனையாளரிடம் சொன்னால், தேவைக்கு இரண்டு மடங்கு தலையில் கட்டிவிடுவார். 1 கிலோவாட் பேனல் சுமார் 100 சதுர அடி பிடிக்கும், நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட் தரும். தென்னை ஓலை நிழல் விழுந்தால் இந்தக் கணக்கெல்லாம் சரியும்.

திட்டத்தின் இணையதளத்தில் கன்சூமர் நம்பர் கொடுத்துப் பதிவதுதான் முதல் வேலை. 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே ஒப்புதல் ஆனதாகக் கொள்ள வேண்டும் என்று 2024இல் விதி மாறியது. பதிவு பெற்ற விற்பனையாளர், இந்தியாவில் தயாரான பேனல், பிறகு லைனுக்குக் கொடுத்த கரண்டையும் எடுத்த கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டர், பரிசோதனை. மானியம் கடைசியில்தான் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை கைக்காசோ வங்கிக் கடனோதான். இன்னொன்று, பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, லைன் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிருக்காக அந்த ஏற்பாடு.

அப்புறம் கட்டுத்தரை. தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தில், சாணியிலிருந்து எரிவாயு எடுக்கும் கோபர் கேஸ் கலனுக்கு மானியம் உண்டு. 1 கன மீட்டருக்கு 9,800, 2 முதல் 4 கன மீட்டருக்கு 14,350 ரூபாய் என்று அறிவித்தார்கள். இதன் முதல் கட்டம் 2025-26 வரைதான். அதனால் குழி வெட்டும் முன்பே மானியம் தொடர்கிறதா என்று கேட்டு, அனுமதியைக் கையில் வாங்குங்கள்.

1 கன மீட்டர் வாயுவுக்குத் தினம் சுமார் 25 கிலோ சாணி, அதே அளவு தண்ணீர். நான்கைந்து மாடு இருந்தால் 2 கன மீட்டர் கலன் ஓடும், சின்னக் குடும்பத்தின் சமையல் முடியும். இதில் கரண்டும் எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், ஆனால் 1 கன மீட்டருக்கு ஒன்றரை, இரண்டு யூனிட்தான், அதற்கு எஞ்சின் வேறு. என்னைக் கேட்டால், வீட்டளவில் சாணி அடுப்புக்கு, வெயில் கரண்டுக்கு. பெரிய பண்ணைக்குக் கதை வேறு.

கக்கூஸையும் கலனோடு இணைத்தால் கூடுதலாக 1,600 ரூபாய் அறிவித்திருந்தார்கள். அதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எரியும்போது நீலச் சுடர்தான் தெரியும், நாற்றம் இருக்காது.